இமாம் கஸ்ஸாலியின் அந்த 11 ஆண்டுகள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது 'இஹ்யா உலூமித்தீன்' என்ற பெருநூல். அடுத்தது 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்ற பட்டம். மத்ரஸாவில் ஓதியவர்கள் ஷாபிஈ மத்ஹபின் சட்டப் பாடங்களிலும் அந்தப் பெயரைக் கண்டிருப்பார்கள். மேடைகளில் அவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது அது ஒரே மூச்சில் முடிந்துவிடும். பக்தாதில் பெரும் பதவியில் இருந்தார்கள், அதைத் துறந்தார்கள், இஹ்யாவை எழுதினார்கள், மீண்டும் கற்பிக்க வந்தார்கள். துறந்ததற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் 11 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகள் எங்கே போய் முடிந்தன என்பது நமக்குத் தெரியும். அவற்றை வாழ்ந்துகொண்டிருந்தபோது இமாம் அவர்களுக்குத் தெரியாது. நான் எழுத நினைப்பது அந்தத் தெரியாத காலத்தைப் பற்றி.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்றைய ஈரானின் வடகிழக்கே, மஷ்ஹத் நகருக்கு அருகில் இருந்த ஊர் அது. தந்தை கம்பளி நூற்று விற்றவர், தாம் கல்வி கற்காத போதும் ஆலிம்களின் சபைகளைத் தேடிப் போய் உட்கார்ந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மரணம் நெருங்கியபோது அவர் தம் இரு ஆண்மக்களையும், முஹம்மதையும் அஹ்மதையும், ஸூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். கையிலிருந்த சிறு தொகையையும் கொடுத்து, தமக்குக் கிடைக்காத கல்வியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். சில காலத்தில் பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை. சாப்பாடும் தங்க இடமும் தருகிற மத்ரஸாவொன்றில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். ஆக, உலகம் போற்றும் அறிஞரின் மத்ரஸாப் படிப்பு வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடித்தான் தொடங்கியது. பிற்காலத்தில் அதை அவர்கள் மறைத்ததுமில்லை.

இளமையில் ஜுர்ஜான் நகரில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்த சம்பவத்தை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பாடக்குறிப்புகள் இருந்த பையை மட்டுமாவது தரும்படி இமாம் அவர்கள் பின்னாலேயே போய்க் கெஞ்சினார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்தான். பை போனால் அறிவும் போய்விடும் என்றால் அது என்ன அறிவு என்பது அவனுடைய கேள்வி. பை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி தைத்துவிட்டது. அடுத்த மூன்று ஆண்டுகள் தூஸில் இருந்து குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். கையிலிருப்பது ஒரு நாளில் போய்விடலாம் என்ற பாடம் அவர்களுக்கு இளவயதிலேயே கிடைத்துவிட்டது.

பிறகு எல்லாமே ஏறுமுகம். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கல்வி. 1085இல் ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக் பேரரசின் வஸீர் நிழாமுல் முல்க்கின் அவையில் இடம். அந்த அவைக்கு அறிஞர்கள் வருவார்கள், விவாதம் நடக்கும், வென்றவரின் பெயர் ஊர் ஊராகப் பரவும். வென்றவர் பெரும்பாலும் இமாம் கஸ்ஸாலி அவர்களே. 1091இல், வயது 33 அளவில், பக்தாத் நிழாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அக்கால முஸ்லிம் உலகில் அதைவிட உயர்ந்த ஆசிரியப் பதவியைக் காண்பது அரிது. 300 மாணவர்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் பக்தாதுக்குள் நுழைந்த நாளில் உடையையும் வாகனத்தையும் மதிப்பிட்டுப் பார்த்தவர்கள் 500 தீனார் என்றார்கள். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஆண்டே நிலம் ஆடத் தொடங்கியது. 1092இல் நிழாமுல் முல்க் குத்திக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் ஸுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். வாரிசுகளுக்கிடையில் போர் மூண்டது. இரண்டு ஆண்டுகளில் கலீபாவும் மறைந்து புதியவர் வந்தார். இமாம் அவர்களின் நாற்காலிக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை. பகலில் பாடம் நடத்தி, எஞ்சிய நேரத்தில் தத்துவவாதிகளின் நூல்களை ஆசிரியர் துணையின்றித் தாமே படித்து, அவற்றை மறுத்து 'தஹாபுதுல் பலாஸிபா' என்ற நூலை எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறையேதும் இல்லாத வாழ்க்கை.

உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. நான் இதை யாருக்காகக் கற்பிக்கிறேன்? ஸூபியாக்களின் நூல்களைப் படிக்கப் படிக்க, தம் போதனையின் நோக்கம் அல்லாஹ்வின் திருப்தி அல்ல, புகழும் பதவியுமே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். வேறு யாரும் சாட்டிய குற்றமல்ல இது. தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த வாக்குமூலம்.

ஹிஜ்ரி 488 ரஜபில், அதாவது 1095 ஜூலையளவில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இழுபறி நடந்தது. இந்த ஆறு மாதங்களில்தான் நாம் கொஞ்சம் தங்கவேண்டும். காலையில் போய்விடுவதென்று உறுதி. மாலைக்குள் அது கரைந்துவிடும். இவ்வளவு பெரிய இடத்தை விட்டுவிட்டால் பிறகு ஆசைப்பட்டாலும் கிடைக்குமா என்ற பயம் ஒருபுறம். ஆயுள் குறைவு, பயணம் நீண்டது என்ற எண்ணம் மறுபுறம். துறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே நாளில் ஞானம் பிறந்து எழுந்து நடந்தார்கள் என்று சொல்வது சொல்ல இலகு, கேட்கவும் இனிமை. இமாம் அவர்கள் அப்படி எழுதவில்லை. தீர்மானிக்க முடியாமல் தத்தளித்ததை அவர்களே விவரமாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முடிவில் உடல் முந்திக்கொண்டது. ஒரு நாள் பாடம் நடத்த உட்கார்ந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. மாணவர்கள் மனம் நோகக்கூடாதென்று முயன்றும் நாக்கு அசையவில்லை. விவாதத்தால் பெயர் பெற்ற நாக்கு! பிறகு உணவும் இறங்கவில்லை. ஒரு மிடறு தண்ணீரும் தொண்டையில் சிக்கியது. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் பார்த்தார்கள். இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்கு இறங்கிய நோய், உள்ளத்தின் பாரம் குறையாமல் மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிரித்தார்கள். 900 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வைத்தியர்கள் அதைக் கண்டுசொன்னார்கள். இன்றும் நம்மில் சிலர், பரீட்சைக் காலத்தில் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் முதலில் கேட்பது வேறு கேள்விகளைத்தான்.

கைகொடுக்க யாருமற்ற நிலையில் அவர்கள் அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். அதன் பிறகு, பணத்தையும் புகழையும் விடுவது தமக்கு இலகுவாக்கப்பட்டதாக உணர்ந்தார்கள்.

1095 நவம்பரில் புறப்பட்டார்கள். செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். ஆனால் முழுவதையும் அல்ல. பிள்ளைகளின் சீவியத்துக்குப் போதுமானதை ஒதுக்கிவைத்த பிறகே மீதியைக் கொடுத்தார்கள். நிழாமிய்யாப் பாடங்களைத் தம்பி அஹ்மத் பொறுப்பேற்றார். ஹஜ்ஜுக்குப் போவதாகவே எல்லோரிடமும் சொன்னார்கள். ஷாம் தேசத்தில் போய்த் தங்குவதே உள்ளத்திலிருந்த எண்ணம். கலீபாவும் நண்பர்களும் தெரிந்தால் விடமாட்டார்கள் என்பதால் அப்படிச் செய்ததாகத் தாமே எழுதுகிறார்கள். பெரியவர்களின் சரிதையில் இப்படியொரு ஒளிவைப் பார்க்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கோ அவர்கள் அதை மறைக்காமல் எழுதியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? இராக்கின் அறிஞர்களுக்கு விளங்கவில்லை. மார்க்கத்தில் அதற்கு மேல் ஒரு பதவி இல்லையென்று நினைத்தவர்கள் அவர்கள். தூரத்தில் இருந்தவர்கள் ஆட்சியாளர்கள் நெருக்கியிருப்பார்கள் என்று ஊகித்தார்கள். அருகில் இருந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும், ஏனெனில் ஆட்சியாளர்கள் இருக்கச் சொல்லி வற்புறுத்தியதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் கண்ணூறு என்றார்கள். உண்மையான காரணத்தைத் தவிர எல்லாக் காரணமும் சொல்லப்பட்டது. உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருக்கும் மகளோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வந்த உம்மாமாருக்கு இது புதிதாக இராது. இப்ப என்ன செய்றீங்க மகள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பே கேட்டவர் ஒரு பதிலைக் கட்டிமுடித்திருப்பார்.

திமிஷ்க் நகரில் ஜும்ஆப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறி, உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுவதையும் தனிமையில் கழித்தார்கள். 300 பேர் கேட்ட குரல் இப்போது யாரோடும் பேசவில்லை. அங்கிருந்து பைத்துல் முகத்தஸ். அங்கும் குப்பதுஸ் ஸக்ராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் முழுத் தனிமை என்றும் சொல்லிவிட முடியாது. பைத்துல் முகத்தஸ் மக்களுக்காக அகீதாவைச் சுருக்கமாக விளக்கி எழுதிய 'அர்ரிஸாலதுல் குத்ஸிய்யா' பிறகு இஹ்யாவிலேயே சேர்க்கப்பட்டது. அடுத்து, நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள கலீல் நகர். அந்த அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிமொழிகள் எடுத்தார்கள். எந்த ஆட்சியாளரின் அவைக்கும் போவதில்லை. எந்த ஆட்சியாளரின் பணத்தையும் பெறுவதில்லை. யாரோடும் தர்க்கத்தில் இறங்குவதில்லை. பிறகு மக்கா, மதீனா. ஹஜ் நிறைவேறியது. ஒளித்துச் சொன்னது உண்மையாகவே ஆனது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். மினாராவும் பாலைவனப் பயணமும் அந்த 11 ஆண்டுகளில் எவ்வளவு? 1097இன் நடுப்பகுதியில் அவர்கள் மீண்டும் பக்தாதில் இருக்கிறார்கள். அந்தலுஸின் இஷ்பீலியாவிலிருந்து கல்வி தேடி வந்த இளைஞர் அபூபக்ர் இப்னுல் அரபி அவர்களை அங்கே சந்தித்துப் பாடம் கேட்டிருக்கிறார். ஆக, பயணம் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. மீதி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கே போயின? பெரும்பாலும் தூஸில், சொந்த ஊரில், சொந்த வீட்டில்.

திரும்ப வைத்தது எது என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் அழைத்தார்கள். இனித் திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடு போனவர்களைப் பிள்ளைகளின் அழைப்பு ஊருக்கு இழுத்தது. மலை உச்சியிலிருந்து இறங்கிவருவது தோல்வியென்று நினைக்கும் வாசகர்கள் உண்டு. இந்தச் சரிதையில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான்.

வழியில் பக்தாதில் அவர்கள் தங்கிய இடம் நிழாமிய்யாவுக்கு நேரெதிரே இருந்த ஒரு ஸூபி விடுதி. நினைத்துப் பாருங்கள். தெருவின் அந்தப் பக்கம், ஒரு காலத்தில் தலைமை வகித்த மத்ரஸா. இந்தப் பக்கம், விடுதியில் ஒரு தங்கல். இப்போது அவர்களுடைய உடையை மதிப்பிட்டவர்களுக்கு அது 15 கீராத்தைத் தாண்டவில்லையாம். அது ஒரு தீனாருக்கும் குறைவு. அதே தெருவில் அந்த உடையோடு நடப்பதற்கு மினாராவில் ஏறிக் கதவைச் சாத்துவதைவிடக் கூடுதல் பலம் தேவைப்பட்டிருக்கும்.

தூஸில் வாழ்க்கை எப்படி இருந்தது? தனிமையை விரும்பினார்கள். ஆனால் குடும்பக் காரியங்கள், பிழைப்பின் தேவைகள், காலத்தின் குழப்பங்கள் எல்லாம் அந்தத் தனிமையைக் கலைத்துக்கொண்டே இருந்தன. தெளிந்த மனநிலை இடைக்கிடையேதான் வாய்த்தது. வாய்க்காதபோதும் விட்டுவிடாமல், மறுபடி மறுபடி அதற்கே திரும்பினார்கள். இதுவும் அவர்களே சொன்னது. அமைதியான சூழல் கிடைத்தால் மட்டுமே எதையும் செய்யலாம் என்று காத்திருக்கும் நமக்கு இது ஒரு செய்தி. இஹ்யா இத்தகைய ஆண்டுகளில் உருவானது. நான்கு பாகங்கள், பாகத்துக்குப் பத்தாக நாற்பது நூல்கள். வணக்கங்களைப் பற்றி எழுதியதோடு நிறுத்தவில்லை. உண்ணும் ஒழுங்கு, திருமணம், சம்பாத்தியம், நட்பு, பயணம் என்று அன்றாட வாழ்வுக்கே ஒரு முழுப் பாகம். தனிமையைப் பற்றியும் அதில் ஒரு நூல் உண்டு. தனிமையால் தாமே பயனடைந்தவர்கள் அதை ஒரேயடியாகப் புகழவில்லை. மக்களோடு கலந்து வாழ்வதன் நன்மைகளையும் அடுக்கி, இரண்டையும் தராசில் வைக்கிறார்கள்.

11 ஆண்டுகள் இப்படிப் போயின. 1106இல் நிழாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க், அப்போது நைஸாபூரில் வஸீர், அங்குள்ள நிழாமிய்யாவில் கற்பிக்க வரும்படி கட்டாயப்படுத்தாத குறையாக அழைத்தார். கலீலில் எடுத்த உறுதிமொழி ஒருபுறம். மக்களின் ஈமான் தளர்ந்துவருகிறதே என்ற கவலை மறுபுறம். இந்தத் தடவை கேள்வி தலைகீழாக மாறியிருந்தது. அன்று பக்தாதில், நான் கற்பிப்பது புகழுக்காகவா என்று கேட்டார்கள். இன்று, நான் ஒதுங்கியிருப்பது சோம்பலாலும் சுகத்தாலுமா என்று தம்மையே கேட்டார்கள். உள்ளத் தெளிவுள்ள பெரியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். எல்லோரும் போகச் சொன்னார்கள். நல்லடியார்கள் பலர் கண்ட கனவுகளும் அதையே சொல்லின. ஹிஜ்ரி ஐந்நூறாம் ஆண்டு வாசலில் நின்றது. ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவரை அல்லாஹ் அனுப்புவான் என்ற நபிமொழி அவர்களுக்குத் துணிவு தந்தது.

போனார்கள், கற்பித்தார்கள். இது பழைய இடத்துக்குத் திரும்புவதல்ல என்பதில் தெளிவாக இருந்தார்கள். அன்று கற்பித்த அறிவு பதவியைத் தேடித்தந்தது, இன்று கற்பிப்பது பதவியை விடச் சொல்லித்தருவது என்பது அவர்களின் கணக்கு.

எல்லோரும் நம்பினார்களா? நைஸாபூரைச் சேர்ந்த அறிஞர் அப்துல் காபிர் அல்பாரிஸி இமாம் அவர்களை இளமையிலிருந்தே அறிந்தவர். அந்தக் காலத்துப் பெருமிதத்தையும், பிறரை மட்டமாக நினைத்த போக்கையும் நேரில் கண்டவர். இந்தப் பணிவு வெறும் பாவனையாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். பலமுறை போய்ப் பார்த்தார், பேச்சுக் கொடுத்தார், கவனித்தார். தம் சந்தேகம் தவறு என்று கண்டதும் அதையும் எழுதிவைத்தார். புகழ்ந்தே எழுதிய நூறு சீடர்களைவிட இந்த ஒரு சந்தேகக்காரரின் சாட்சியம் எனக்குப் பெறுமதியாகத் தெரிகிறது.

நைஸாபூரில் நீண்டகாலம் தங்கவில்லை. மீண்டும் தூஸுக்கு வந்து, வீட்டருகே ஒரு மத்ரஸாவும் ஸூபியாக்களுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். 1110 அளவில் பக்தாத் நிழாமிய்யா மறுபடி அழைத்தது. அன்று விட்டுவந்த அதே நாற்காலி. பிறகு ஆசைப்பட்டாலும் கிடைக்குமா என்று ஆறு மாதங்கள் நடுங்கவைத்த நாற்காலி, 15 ஆண்டுகள் கழித்துத் தானாக வீடு தேடி வந்தது. வரவில்லை என்று பதில் எழுதினார்கள். தூஸில் தம்மை நம்பியிருக்கும் மாணவர்களையும் குடும்பத்தையும், கலீலில் கொடுத்த வாக்கையும் காரணங்களாகக் காட்டினார்கள்.

கடைசிக் காலத்தில் அவர்கள் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார்கள். ஹதீஸ் கலையில் தமக்குக் குறையிருப்பதாக உணர்ந்து, ஸஹீஹுல் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் ஆகியவற்றை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று அழைக்கப்பட்ட பிறகு.

ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14, திங்கட்கிழமை, 1111 டிசம்பர். ஸுப்ஹு வேளையில் எழுந்து, வுழூச் செய்து தொழுதார்கள். தம் கபனைக் கொண்டுவரச் சொல்லி, அதை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள். வெளிச்சம் வருமுன் உயிர் பிரிந்துவிட்டது என்று தம்பி அஹ்மத் அறிவித்தார். ஹதீஸ் படிப்பு முடிந்திருக்கவில்லை. அவர்களின் மறைவின்போது எஞ்சியிருந்த பிள்ளைகள் பெண்மக்கள் மட்டுமே. யாரிடமும் கையேந்தாமல் வாழும் அளவுக்கு அந்தக் குடும்பத்துக்குச் சொத்தும் உழைப்பின் வரவும் இருந்ததாக, அன்று சந்தேகத்தோடு வந்துபோன அப்துல் காபிரே பதிவு செய்திருக்கிறார்.